சுட்டும் பெயரும்

தமிழ் இலக்கணத்தில் அ, இ, உ என்னும் மூன்றையும் சுட்டெழுத்துகள் என்று படிக்கிறோம். அவன், இது, அந்த வீடு, இந்த மரம் என்று நாளொன்றுக்கு நூறு முறையேனும் நாம் சுட்டிப் பேசுகிறோம். "அதை எடுத்து இதன்மேல் வை" என்று தாய் சொன்னால், அடுக்களையில் நிற்கும் மகள் உடனே அவ்வாறு செய்துவிடுகிறாள். எதை எடுப்பது, எதன்மேல் வைப்பது என்று அவள் கேட்பதில்லை. இருவரும் ஒரே இடத்தில் நிற்கிறார்கள். ஒரே பொருள்களைக் காண்கிறார்கள். ஆதலின் பெயர் சொல்லவேண்டிய தேவை அங்கே எழவில்லை.

அதே சொற்களைத் தாய் ஒரு கடிதத்தில் எழுதி, வெளியூர் விடுதியில் தங்கிப் படிக்கும் மகளுக்கு அனுப்பினால் என்ன ஆகும்? கடிதத்தில் எழுத்துப்பிழை இராது. இலக்கணப் பிழையும் இராது. ஆயினும் கருத்து மட்டும் போய்ச் சேராது. சுட்டு என்பது இடத்தோடு ஒட்டியது. இடம் மாறினால் அது பொருளை இழந்துவிடும். பெயரோ போகும் இடமெல்லாம் தன் பொருளைச் சுமந்துகொண்டே போகும்.

இன்று நான் பேச எடுத்துக்கொண்டது இலக்கணம் அன்று. கணிப்பொறியைப் பற்றிய ஒரு செய்தி. ஆயினும் சுட்டுக்கும் பெயருக்கும் உள்ள இந்த வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொண்டால், சி என்னும் கணிப்பொறி மொழியைப் பயில்வோர் எல்லாரும் ஒருநாள் எதிர்ப்படும் ஓர் இடர்ப்பாடு எளிதில் விளங்கிவிடும்.

சி மொழி அமெரிக்க நாட்டின் பெல் ஆய்வகத்தில் பிறந்தது. டென்னிஸ் ரிச்சி என்பார் 1972-ஆம் ஆண்டை ஒட்டி அதனை உருவாக்கினார். 1978-இல் பிரயன் கெர்னிகனும் அவரும் சேர்ந்து எழுதிய நூல் அம்மொழியை உலகெங்கும் பரப்பியது. அம்மொழியின் வலிமைக்கும் இடர்களுக்கும் ஒருசேர வித்தாக இருப்பது பாயிண்டர் எனப்படும் சுட்டு.

கணிப்பொறியின் நினைவகத்தை ஒரு நீண்ட தெருவாக எண்ணிக்கொள்ளுங்கள். தெருவில் வரிசையாகச் சிறு சிறு வீடுகள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் எண் உண்டு. அந்த எண்ணே முகவரி. வீடு ஒன்றில் அடங்கும் பொருளின் அளவு ஒரு பைட்டு. ஒரு மாணவனின் மதிப்பெண்ணை ஓர் இடத்தில் எழுதி வைக்கலாம். அம்மதிப்பெண் எந்த முகவரியில் உள்ளது என்பதை மற்றோர் இடத்தில் எழுதி வைக்கலாம். பின்னதே சுட்டு. அதனுள் இருப்பது பொருள் அன்று. பொருள் இருக்கும் இடத்தின் எண்.

இதனால் என்ன பயன் என்று கேட்பீர்கள். தாளில் நூறு பெயர்களை வரிசையாக எழுதியபின், பத்தாவது பெயருக்கும் பதினோராவது பெயருக்கும் இடையே புதிய பெயர் ஒன்றைச் சேர்க்க வேண்டுமாயின், பின்னுள்ள தொண்ணூறு பெயர்களையும் ஒவ்வொரு வரி கீழே தள்ளவேண்டும். அதற்கு மாறாக, ஒவ்வொரு பெயரையும் தனித்தனிச் சீட்டில் எழுதி, "அடுத்த சீட்டு இன்ன இடத்தில் உள்ளது" என்று அதன் அடியில் குறித்துவிட்டால், எந்தச் சீட்டையும் நகர்த்த வேண்டுவதில்லை. இரண்டு குறிப்புகளை எழுதினால் போதும். இதுவே இணைப்புப் பட்டியல். 1950-களின் இடைப்பகுதியில் ஆலன் நியூவெல், கிளிஃப் ஷா, ஹெர்பர்ட் சைமன் ஆகிய மூவரும் இம்முறையைத் தங்கள் ஆராய்ச்சிக்காக வகுத்தனர். ஒரு சீட்டு ஒன்றை மட்டுமன்றிப் பலவற்றைச் சுட்டலாம் என்று விரித்தால், மரம்போல் கிளைத்த அமைப்புகளும் வலைபோல் பின்னிய அமைப்புகளும் தோன்றும்.

நம் குடும்பமே அத்தகைய வலைக்கு நல்ல எடுத்துக்காட்டு. ஒருவருக்குப் பெயர் உண்டு. பிறந்த ஆண்டு உண்டு. அவருக்குத் தந்தை, தாய், வாழ்க்கைத் துணை, மூத்த பிள்ளை, அடுத்த இளவல் என ஐந்து உறவுகள் உண்டு எனக் கொள்வோம். கணவர் மனைவியைச் சுட்டுவார்; மனைவி கணவரைச் சுட்டுவார். தந்தையும் தாயும் ஒரே மகளைச் சுட்டுவார்கள். அம்மகள் இருவரையும் திரும்பச் சுட்டுவாள். இதனைச் சி மொழியில் எழுதுவது கடினமன்று. நினைவகத்தில் அது ஒழுங்காக நிற்கும். யாரிடம் தொடங்கினாலும் சுட்டுகளைப் பற்றிக்கொண்டு யாரிடமும் போய்ச் சேரலாம்.

ஆனால் நிரல் முடிந்தால் நினைவகத்தில் இருந்தது மறைந்துபோகும். நிலைத்திருக்க வேண்டுமாயின் அதனைக் கோப்பில் எழுதி வைக்கவேண்டும். வேறோர் ஊருக்குப் போகவேண்டுமாயின் கம்பி வழியே அனுப்பவேண்டும். கோப்பும் கம்பியும் வலையை அறியா. ஒரு பைட்டுக்குப் பின் ஒரு பைட்டாக, ஒரே நூலாகவே அவை பெறும். ஆகவே வலையைப் பிரித்து நூலாக்கவேண்டும். மறுமுனையில் அந்த நூலைக்கொண்டு அதே வலையை மீண்டும் பின்னவேண்டும். இவ்விரு செயல்களில் முன்னதைத் தொடராக்கம் என்று சொல்வோம். ஆங்கிலத்தில் சீரியலைசேஷன் என்பார்கள்.

இங்கேதான் புதிதாகக் கற்பவர் மனத்தில் ஓர் எளிய எண்ணம் எழுகிறது. நினைவகத்தில் உள்ள பைட்டுகளை அப்படியே அள்ளிக் கோப்பில் கொட்டிவிட்டால் என்ன? சி மொழியில் அதற்கு ஒரு வரி போதும். நாளை அதே பைட்டுகளை அப்படியே அள்ளி நினைவகத்தில் போட்டால் எல்லாம் முன்போல் ஆகிவிடாதோ?

நான் பாடம் சொல்லும் வகுப்பில் ஒரு மாணவி தன் குடும்பத்தின் கொடிவழியைத் தொகுத்தாள். விடுமுறையில் பாட்டியின் அருகில் அமர்ந்து, அவர் சொல்லச் சொல்ல, அறுபத்து மூவரின் பெயர்களை நேராகக் கணிப்பொறியில் ஏற்றினாள். கோப்பில் எழுதினாள். எழுதியது சரிதானா என்று உடனே அதே ஓட்டத்தில் திரும்பப் படித்தும் பார்த்தாள். எல்லாப் பெயர்களும் முறையாக வந்தன. மறுநாள் நிரலைத் தொடங்கிக் கோப்பைத் திறந்தபோது நிரல் பாதியில் விழுந்து நின்றது. கோப்பின் அளவு 3,528 பைட்டு. அதனை நாங்கள் இருவரும் ஒவ்வொரு பைட்டாகப் பார்த்தோம். அறுபத்து மூன்று பிறந்த ஆண்டுகள் இருந்தன. பெயர் ஒன்றுகூட இல்லை.

ஏன் இல்லை? அவள் வகுத்த கட்டமைப்பில் பிறந்த ஆண்டு ஓர் எண். அது நேராக அங்கேயே இருந்தது. பெயரோ வேறோர் இடத்தில் இருந்தது. கட்டமைப்பில் இருந்தது பெயரைச் சுட்டும் முகவரி மட்டுமே. அவள் கோப்பில் எழுதியவை அறுபத்து மூன்று முகவரிகள். முந்தின நாள் அவ்விடங்களில் பெயர்கள் இருந்தன என்பதற்கான அடையாளங்கள். உறவுகளும் அவ்வாறே. அப்படியாயின், எழுதிய அன்று சரியாக வந்தது எவ்வாறு? அதே ஓட்டத்தில் படித்ததால், பழைய பெயர்கள் நினைவகத்தில் அதே இடத்தில் இன்னும் இருந்தன. கோப்பில் இருந்த முகவரி அவற்றைக் காட்டியது. அவள் சோதித்தது கோப்பை அன்று. அழியாமல் இருந்த நினைவகத்தையே. அவளுடைய பாட்டி இன்னும் இருந்தார், மீண்டும் சொன்னார். எல்லாக் குடும்பங்களுக்கும் அந்த வாய்ப்பு அமைவதில்லை.

வாரச்சந்தையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். "கிழக்கு வரிசையில் ஏழாவது இடத்தில் நல்ல வெண்டைக்காய் கிடைக்கும்" என்று இன்று ஒருவர் சொன்னால் அது உண்மை. சந்தை கலைந்து அடுத்த வாரம் கூடும்போது அதே ஏழாவது இடத்தில் பானை விற்பவர் இருக்கலாம். யாரும் இல்லாமலும் இருக்கலாம். நினைவகத்தின் முகவரியும் அத்தகையதே. ஒவ்வோர் ஓட்டமும் ஒரு புதிய சந்தை.

சி மொழியின் தர நூல் இதனைத் திட்டமாகவே கூறுகிறது. சுட்டின் மதிப்பை எழுத்தாக அச்சிட்டு, பின்னர் அந்த எழுத்தைப் படித்து மீண்டும் சுட்டாக்கும் வசதி அம்மொழியில் உண்டு. ஆனால் அதே நிரலின் அதே ஓட்டத்தில் முன்பு அச்சிட்ட மதிப்பாக இருந்தால்தான் மீண்டு வரும் சுட்டு பழைய சுட்டுக்குச் சமமாகும். மற்றெதற்கும் மொழி பொறுப்பேற்பதில்லை.

அதுமட்டுமன்று. முகவரிகளை ஓட்டத்திற்கு ஓட்டம் வேண்டுமென்றே கலைத்து வைக்கும் பாதுகாப்பு முறை ஒன்றும் உண்டு. 2001-இல் பாக்ஸ் என்னும் குழுவினர் லினக்ஸ் அமைப்புக்கு இதனைச் செய்து காட்டினர். 2005-இல் லினக்ஸ் கருவிலேயே அது இடம் பெற்றது. எந்தப் பொருள் எந்த இடத்தில் இருக்கும் என்று தீயோர் முன்கூட்டி அறிந்து தாக்காதிருக்கவே இந்த ஏற்பாடு. ஆகவே முகவரியைக் கோப்பில் எழுதி ஓடும் நிரலிலிருந்து வெளியே அனுப்புகிறவர், பயனற்ற ஒன்றை அனுப்புவதோடு, வீட்டின் உள்ளமைப்பையும் அயலாருக்குக் காட்டிக் கொடுக்கிறார்.

இனி, சரியான வழி எது என்று பார்ப்போம். நாம் காக்க விரும்புவது முகவரியை அன்று, உறவை. "இவளுடைய தந்தை இன்னார்" என்பதே செய்தி. அந்தத் தந்தை நேற்று எத்தனையாவது வீட்டில் இருந்தார் என்பது செய்தியன்று. ஆதலின் ஒவ்வொருவருக்கும் ஒரு வரிசை எண் கொடுப்போம். முகவரி இருந்த இடத்தில் அவ்வெண்ணை எழுதுவோம். வரிசை எண் கோப்புக்கே உரியது. கோப்பு எங்குச் சென்றாலும் அதுவும் உடன் செல்லும். சுட்டு இருந்த இடத்தில் பெயர் வந்து அமர்கிறது.

பாட்டன், பாட்டி, அவர்கள் மகன், மருமகள், பேத்தி என ஐவர் கொண்ட சிறு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். இரண்டு கருவிகள் வேண்டும். ஒன்று, எந்த முகவரியில் உள்ளவருக்கு எந்த எண் கொடுத்தோம் என்று காட்டும் அட்டவணை. மற்றொன்று, எண் பெற்று, எழுதப்படுவதற்காகக் காத்திருப்போர் வரிசை.

பாட்டனுக்கு 1 என்று எண் கொடுத்து வரிசையில் நிறுத்துகிறோம். பிறகு வரிசையின் தலையில் நிற்பவரை அழைத்து, அவருடைய ஐந்து சுட்டுகளையும் பார்க்கிறோம். சுட்டு வெறுமையாக இருந்தால் 0 என எழுதுகிறோம். சுட்டப்பட்டவர் அட்டவணையில் முன்பே இருந்தால் அவருடைய எண்ணை எழுதுகிறோம். இல்லையேல் அவருக்குப் புதிய எண் கொடுத்து, அதனை எழுதி, அவரை வரிசையின் கடைசியில் நிறுத்துகிறோம். பாட்டனின் துணை பாட்டி, எண் 2. மூத்த பிள்ளை மகன், எண் 3. அடுத்துப் பாட்டியை அழைக்கிறோம். அவர் துணை 1, பிள்ளை 3. இருவருக்கும் முன்பே எண் உண்டு. மகனை அழைக்கிறோம். தந்தை 1, தாய் 2, துணை புதியவர், எண் 4. மூத்த பிள்ளை புதியவள், எண் 5. மருமகளுக்குத் துணை 3, பிள்ளை 5. பேத்திக்குத் தந்தை 3, தாய் 4. வரிசை தீர்ந்தது. ஐவரும் ஒவ்வொரு முறையே எழுதப்பட்டனர்.

அந்த அட்டவணை மிகைபோல் தோன்றலாம். அஃது இல்லையேல் நேரும் கேடுகள் இரண்டு. முதலாவது, முடிவில்லாத சுழற்சி. கணவரை எழுதப் புகுந்து மனைவியிடம் செல்வோம்; மனைவியை எழுதப் புகுந்து கணவரிடம் வருவோம்; செக்குமாடுபோல் சுற்றிக்கொண்டே இருப்போம். இது வெளிப்படையான கேடு. நிரல் நின்றுவிடும், நமக்குத் தெரிந்துவிடும். இரண்டாவது கேடு மறைவானது. சுழற்சியை மட்டும் எவ்வாறோ தடுத்துவிட்டு, பேத்தியைத் தந்தை வழியாக ஒரு முறையும் தாய் வழியாக ஒரு முறையும் எழுதினோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். திரும்பப் படிக்கும்போது ஒரே பெயரும் ஒரே பிறந்த ஆண்டும் உடைய இரு பெண்கள் தோன்றுவார்கள். பார்வைக்குப் பிழை தெரியாது. ஆனால் தந்தையின் மகளுக்கு நாளை திருமணமானதைப் பதிந்தால், தாயின் மகள் மணமாகாதவளாகவே நிற்பாள். ஒன்றுபோல் இருப்பது வேறு. ஒன்றாகவே இருப்பது வேறு. தொடராக்கம் காக்கவேண்டியது இரண்டாவதை.

வரிசை எதற்கு, ஒருவரிடமிருந்து அடுத்தவருக்கு நிரல் தன்னையே அழைத்துக்கொண்டு போகலாகாதா என்றும் கேட்கலாம். ஐவர்க்கு அது போதும். பத்து இலட்சம் கணுக்கள் கொண்ட பட்டியலாயின், தன்னைத் தானே அழைக்கும் ஒவ்வோர் அழைப்பும் அடுக்கு எனப்படும் நினைவகப் பகுதியில் சிறிது இடம் பிடிக்கும். லினக்ஸ் கணிப்பொறிகளில் அதற்கு வழக்கமாக ஒதுக்கப்படுவது 8 மெகாபைட்டு. அழைப்புக்கு 48 பைட்டு என்றாலும் பத்து இலட்சத்திற்கு 48 மெகாபைட்டு வேண்டும். அடுக்கு நிரம்பி நிரல் வீழும். 1970-இல் செனி என்பார், நினைவகத்தில் சிதறிக் கிடக்கும் பட்டியல்களை வேறோர் இடத்திற்கு மாற்றுவதற்கு வகுத்த முறையும் இவ்வாறு தன்னழைப்பின்றி வரிசையாகச் செல்வதே.

திரும்பப் படிப்பதை இரண்டு சுற்றாகச் செய்வது நல்லது. முதல் சுற்றில் எத்தனை பேர் என்று கோப்பின் தலைப்பில் பார்த்து, அத்தனை பேருக்கும் இடம் அமைத்து, பெயரையும் ஆண்டையும் நிரப்பவேண்டும். இரண்டாம் சுற்றில் 3 என்ற எண்ணைக் கண்டால் மூன்றாமவர் இப்போது குடியிருக்கும் புதிய முகவரியை அங்கே எழுதவேண்டும். ஏன் இரண்டு சுற்று? பாட்டனைப் படிக்கும்போதே "மூத்த பிள்ளை 3" என்று வருகிறது. அப்போது மூன்றாமவர் இன்னும் பிறக்கவில்லை. எல்லாரும் வந்து அமர்ந்தபின் உறவு சொன்னால் குழப்பம் நேராது.

முகவரியை எண்ணாக்கிவிட்டோம். அந்த எண்ணையாவது எல்லாக் கணிப்பொறிகளும் ஒரே வகையாக எழுதுகின்றனவா என்றால், அதுவும் இல்லை. 1 என்னும் எண்ணை நான்கு பைட்டுகளில் எழுதும்போது, பெரிய முனையை முதலில் எழுதும் பொறிகள் 0, 0, 0, 1 என எழுதும். சிறிய முனையை முதலில் எழுதும் பொறிகள் 1, 0, 0, 0 என எழுதும். ஒன்று எழுதியதை மற்றது தன் வழக்கப்படி படித்தால், 1 என்பது 1,67,77,216 ஆகிவிடும். ஜோனதன் சுவிஃப்ட் 1726-இல் வெளியிட்ட கலிவரின் பயணக் கதையில், முட்டையை எந்த முனையில் உடைப்பது என்பதற்காக இரு கட்சியினர் போரிடுவார்கள். டேனி கோஹன் என்னும் அறிஞர் 1980-இல் எழுதிய கட்டுரையில் அக்கட்சிப் பெயர்களையே இவ்விரு வழக்கங்களுக்கும் இட்டார், அவையே நிலைத்துவிட்டன. எந்த முனை உயர்ந்தது என்பது அன்று பேச்சு. ஒன்றை முடிவு செய்து அதனைக் கோப்பின் விதியாக எழுதி வைக்கவேண்டும் என்பதே. 1987-இல் சன் நிறுவனம் வெளியிட்ட எக்ஸ்.டி.ஆர். என்னும் விதித்தொகுப்பு, பெரிய முனை முதலில், நான்கு நான்கு பைட்டாக என்று தெளிவாக வரையறுத்தது.

அளவும் பொறிக்குப் பொறி மாறும். சி மொழி வளர்ந்த பி.டி.பி.-11 பொறியில் சுட்டின் அளவு 2 பைட்டு. பின்னர் 4 ஆயிற்று. பின்னர் 8 ஆயிற்று. கட்டமைப்பின் உறுப்புகளுக்கு இடையே பொறி தன் வசதிக்காக வெற்றிடம் விடுவதும் உண்டு. அம்மாணவியின் கட்டமைப்பில் ஆண்டுக்கு 4 பைட்டு, ஆறு சுட்டுகளுக்கு 48 பைட்டு, ஆகமொத்தம் 52. ஆனால் பொறி எடுத்துக்கொண்டது 56. நடுவில் உள்ள நான்கு பைட்டுகள் இடைநிரப்பு. அங்கே பழைய நினைவகத்தின் மிச்சம் எதுவும் இருக்கலாம். கடவுச்சொல்லின் துண்டாகவும் இருக்கலாம். ஆகவே கட்டமைப்பை மொத்தமாக அள்ளாமல், உறுப்பு உறுப்பாக, இத்தனை பைட்டு என்று அளந்து எழுதுவதே முறை.

பெயரை எழுதும்போது முதலில் நீளத்தையும் பிறகு எழுத்துகளையும் எழுதுவது வழக்கம். இங்கே தமிழ் மாணவர் ஒன்றைக் கருதவேண்டும். நீளம் என்பது பைட்டுக் கணக்கு. எழுத்துக் கணக்கு அன்று. "தமிழ்" என்னும் சொல் நமக்கு மூன்றெழுத்து. யூனிகோடு முறையில் அது ஐந்து குறியீடுகள், யூ.டி.எஃப்.-8 முறையில் ஒவ்வொன்றுக்கும் 3 பைட்டாக 15 பைட்டு. மூன்று என்று எழுதிவிட்டால் "த" ஒன்றே மிஞ்சும். பின்வருவன எல்லாம் இடம் பெயர்ந்துவிடும்.

இதுவரை எழுதுவோரின் கடமையைச் சொன்னேன். படிப்போரின் கடமை அதனினும் பெரிது. கோப்பில் உள்ள எண்ணைப் படிப்பவர் அப்படியே நம்பலாகாது. ஐவர் உள்ள கோப்பில் "தந்தை 700" என்று வந்தால் என்ன செய்வது? சி மொழி தடுக்காது. இல்லாத எழுநூறாவது இடத்திற்குப் போய், அங்கே கிடப்பது எதுவாயினும் அதனைத் தந்தை என்று கொண்டுவரும். எண் 0-க்கும் 5-க்கும் உட்பட்டதா என்று ஒவ்வொரு முறையும் பார்ப்பது நம் பொறுப்பு. பெயரின் நீளம் கோப்பில் எஞ்சியிருக்கும் பைட்டுகளைவிட மிகுந்ததா என்று பார்ப்பதும் நம் பொறுப்பு.

இது சிறு செய்தியன்று. 2014-ஆம் ஆண்டு ஏப்ரலில் ஹார்ட்பிளீட் என்னும் குறை உலகுக்குத் தெரியவந்தது. இணையத்தில் மறைபொருளாகச் செய்தி அனுப்பப் பயன்படும் ஓப்பன்எஸ்எஸ்எல் என்னும் சி நிரல்தொகுப்பில் இருந்த குறை அது. "இருக்கிறாயா? இச்சொல்லைத் திருப்பி அனுப்பு, இதன் நீளம் இவ்வளவு" என்று ஒரு பொறி மற்றொரு பொறியைக் கேட்கும். கேட்பவர் சில பைட்டுகளே அனுப்பிவிட்டு நீளம் அறுபதினாயிரத்துக்கு மேல் என்று சொன்னாலும், மறுமுனை அதனை ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. சொன்ன நீளத்தை நம்பி, தன் நினைவகத்தில் அடுத்துக் கிடந்ததையும் சேர்த்து ஒரு முறைக்கு 64 கிலோபைட்டு வரை அள்ளிக் கொடுத்தது. பிறருடைய கடவுச்சொற்களும் மறைவான திறவுகோல்களும் அவ்வாறு வெளிப்படக் கூடியவையாயின. வந்த எண்ணை உள்ள அளவோடு ஒப்பிடும் ஒரு சோதனை இல்லாமற்போனதன் விளைவு அது.

நெறிப்படி செய்தால் எவ்வளவு நிலைபேறு கிடைக்கும் என்பதற்கும் சான்று உண்டு. யூனிக்ஸ் அமைப்பின் பழைய கோப்புப் பட்டியலில் ஒவ்வொரு பதிவும் 16 பைட்டு. 14 பைட்டில் கோப்பின் பெயர், 2 பைட்டில் அதன் எண். எந்த முகவரியும் அதில் இல்லை. ரிச்சர்ட் ஹிப் என்பார் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட எஸ்கியூலைட் என்னும் தரவுத்தளமும் சி மொழியில் எழுதப்பட்டதே. அதன் கோப்பு, பக்கங்களாகப் பகுக்கப்பட்டது. மரத்தின் ஒரு கிளை மறு கிளையைக் குறிப்பது பக்க எண்ணால். நான்கு பைட்டு, பெரிய முனை முதலில். 2004-இல் வகுத்த மூன்றாம் பதிப்பின் வடிவத்தைப் பின்வந்த பதிப்புகளும் படிக்குமாறு காத்து வந்திருக்கிறார்கள். ஒரு பொறியில் எழுதிய கோப்பை வேறு அளவுச் சுட்டும் வேறு முனை வழக்கமும் உடைய பொறியில் திறக்கலாம். நம் கைபேசிகளுக்குள் செய்திகளையும் தொடர்பு எண்களையும் சுமந்து நிற்பது பெரும்பாலும் இத்தகைய கோப்பே.

மாணவ நண்பர்களுக்கு ஒரு பயிற்சி சொல்லி முடிக்கிறேன். உங்கள் வீட்டில் உள்ள ஐவரைக் கொண்டு ஒரு சிறு கொடிவழியைச் சி மொழியில் அமையுங்கள். கோப்பின் தலையில் ஓர் அடையாளம், வடிவத்தின் பதிப்பு எண், ஆட்களின் தொகை ஆகியவற்றை எழுதுங்கள். பின்னர் ஆட்களை எழுதுங்கள். எழுதியபின் நிரலை நிறுத்துங்கள். நிறுத்தாமல் சோதிப்பது சோதனை ஆகாது. கோப்பை நண்பர் ஒருவரின் கணிப்பொறிக்குக் கொண்டு போங்கள். அங்கே தனி நிரல் ஒன்றால் படியுங்கள். பெயர்கள் வந்தால் மட்டும் மகிழ்ந்துவிடாதீர்கள். தந்தை வழியே மகளிடம் போய் அவள் பிறந்த ஆண்டை மாற்றுங்கள். பிறகு தாய் வழியே அதே மகளிடம் போய்ப் பாருங்கள். மாற்றிய ஆண்டு அங்கும் தெரிந்தால், உங்கள் கோப்பு உறவைக் காத்திருக்கிறது. அதன்பின் கோப்பில் உள்ள ஓர் எண்ணை வேண்டுமென்றே 700 ஆக்கிப் பாருங்கள். நிரல் "இக்கோப்பு பழுதுபட்டது" என்று சொல்லி ஒழுங்காக நின்றால், உங்கள் வேலை முடிந்தது.

நினைவகத்தில் சுட்டு விரைவானது. அதைவிடச் சிறந்த கருவி அங்கே இல்லை. ஆயினும் அதன் ஆட்சி அந்த ஓட்டத்தோடு முடிகிறது. வீட்டை விட்டு வெளியூர் போகும் செய்தியில் "அது", "இது" என்று எழுதாமல் பெயர் சொல்லி எழுதுகிறோம் அல்லவா? நிரல் எழுதும்போதும் அவ்வாறே செய்யுங்கள்.